மூளைக்காய்ச்சல் தீர்ந்த பின்னும் தீராதவை

பதினைந்து, இருபது நாள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, பெயர் சொல்லி அழைத்தாலும் கண் திறக்காதிருந்த குழந்தை ஒருநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும்போது, பெற்றவர்கள் வாயிலிருந்து வரும் சொல் மறுபிறவி என்பதுதான். வீடு திரும்பியதும் குலதெய்வக் கோவிலில் மொட்டை போட்டு, உறவினரை அழைத்துச் சோறு போட்டு, அந்த நாட்களை மறந்துவிட வேண்டுமென்றே குடும்பம் விரும்பும். அந்த விருப்பம் இயல்பானது. ஆயினும் மூளைக்காய்ச்சலில், கிருமி உடலை விட்டு நீங்கும் நாளும் நோய் அந்த மனிதரை விட்டு நீங்கும் நாளும் பலருக்கு ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்குக் காது மந்தமாகிவிடுகிறது. சிலருக்கு வலிப்பு தங்கிவிடுகிறது. இன்னும் சிலருக்கு, பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத களைப்பும் மறதியும் எரிச்சலும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. இவற்றுள் சிலவற்றை வாரக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வேறு சிலவற்றுக்கு மருந்து இல்லை. அவற்றோடு வாழும் முறையைக் கற்றுக்கொள்வதே சிகிச்சை. எது எந்த வகை என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்து வைத்திருப்பது மிக அவசியம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல் இரண்டு நோய்களுக்கு வழங்கி வருகிறது. மூளையின் திசுவே அழற்சியால் வீங்குவது ஒன்று. மருத்துவர்கள் அதை என்செபலைட்டிஸ் என்பார்கள், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அந்த வகையைச் சேர்ந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறைகள் அழற்சியடைவது மற்றொன்று, அதுதான் மெனின்ஜைட்டிஸ். சில நேரங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. இந்தக் கட்டுரை மெனின்ஜைட்டிஸைப் பற்றியது. வீட்டில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வந்து குணமாகியிருந்தால், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, இவற்றில் எது எழுதப்பட்டிருக்கிறது, எந்தக் கிருமியின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பின்விளைவுகள் பெரிதும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

உறைக்குள் நடப்பது என்ன?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளிருக்கும் இரண்டு உறைகளுக்கு நடுவே, தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தவர் ஒருவரிடம் எந்த நேரத்திலும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் சுமார் 500 மில்லிலிட்டர் சுரந்து, சுரந்த அளவே மீண்டும் ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. முதுகில் நீர் எடுத்தார்கள் என்று நோயாளியின் வீட்டார் சொல்வது இந்தத் திரவத்தைத்தான். கிருமி இதற்குள் நுழைந்துவிட்டால், அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டமே பாதிச் சேதத்தை உண்டாக்குகிறது. திரவம் சீழாகத் தடிக்கிறது, மூளை வீங்குகிறது, மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது, மூளையின் அடிப்பகுதியில் ஓடும் ரத்தக்குழாய்கள் அழற்சியால் குறுகி அடைபடுகின்றன. கண்ணுக்கும் காதுக்கும் முகத்துக்கும் செல்லும் நரம்புகள் இந்தத் திரவத்தின் வழியாகத்தான் வெளியேறுகின்றன என்பதால், அவையும் சீழில் ஊறிப்போகின்றன.

வெள்ளம் புகுந்து வடிந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது எளிதில் புரியும். சுவர்கள் நிற்கும், கதவு திறக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வீடு வீடாகவே இருக்கும். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்கும்போதுதான் எந்த வயரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று தெரியவரும். மெனின்ஜைட்டிஸின் பின்விளைவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்குக் காரணமும் இதுதான். அடைபட்ட ரத்தக்குழாய் எந்தப் பகுதிக்கு உரியது, எந்த நரம்பு எத்தனை நாள் சீழில் கிடந்தது என்பதைப் பொறுத்து, ஒருவருக்குக் கை இழுத்துக்கொள்கிறது, ஒருவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிகிறது, ஒருவருக்குப் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுகிறது.

கிருமியின் வகையும் முக்கியம். வைரஸால் வரும் மெனின்ஜைட்டிஸ் பெரும்பாலும் தானே தணியும். பெரிய குறைபாடு எதையும் அது விட்டுச்செல்வது அரிது. ஆனால் மாதக்கணக்கில் தலைவலியும் அசதியும் நீடிப்பது அதிலும் உண்டு. வெறும் வைரஸ்தானே என்று சொல்லி அந்த அவதியைத் தள்ளிவிடுவது சரியல்ல. பாக்டீரியா வகை கடுமையானது. அதற்கு ஆளாகிறவர்களில் ஆறில் ஒருவர் இறப்பதாகவும், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு நேர்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பாக்டீரியாக்களுக்குள்ளும் நியூமோகாக்கஸ் என்பதே பின்விளைவுகளை அதிகம் விட்டுச்செல்வது. காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கும்போது நோய் மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் முற்றுவதால், கண்டுபிடிப்பதற்குள் சேதம் ஆழமாகிவிடுகிறது. வியட்நாமில் காசநோய் மெனின்ஜைட்டிஸ் நோயாளிகள் 545 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிரிழப்பைக் குறைத்தது. ஆனால் கடுமையான குறைபாட்டோடு பிழைப்பவர்களின் விகிதத்தை அது குறைத்ததாகத் தெரியவில்லை. உயிரைக் காப்பதும் வாழ்வைக் காப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியிடப்பட்ட ஒரு தொகுப்பாய்வு, பாக்டீரியா மெனின்ஜைட்டிஸிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களுக்குப் பெரிய பின்விளைவு நேரும் வாய்ப்பு ஐரோப்பாவில் 9.4 விழுக்காடாகவும், தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் 21.6 விழுக்காடாகவும், ஆப்பிரிக்காவில் 25.1 விழுக்காடாகவும் இருப்பதாகக் கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தியாவும் இலங்கையும் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் அடங்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் கிருமியை மட்டும் குறைகூற முடியாது. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, முதல் ஊசி எத்தனை மணி நேரத்தில் போடப்படுகிறது, தடுப்பூசி கிடைத்ததா, வீடு திரும்பிய பின் யாராவது தொடர்ந்து பார்த்தார்களா என்பவை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

காது: காத்திருக்கக் கூடாத பின்விளைவு

மேலே சொன்ன தொகுப்பாய்வில், பெரிய பின்விளைவுகளுள் முதலிடம் காது கேளாமைக்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுவே. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்புக்கும் மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்கும் இடையே ஒரு நுண்ணிய கால்வாய் இருக்கிறது. கிருமியும் அழற்சியும் அந்த வழியாகக் காக்ளியாவுக்குள் இறங்கி, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்களை அழிக்கின்றன. மனித உடலில் அந்த அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இந்தச் சேதம் நோயின் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடக்கூடியது என்பதால், சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லாதபோதும் காது போய்விடலாம். பெற்றோர் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்து நடப்பது பலருக்குத் தெரியாதது. அழற்சி தணிந்த பிறகு, சிலருடைய காக்ளியாவுக்குள் நார்த்திசு வளர்ந்து, அது எலும்பாக இறுகத் தொடங்குகிறது. சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடலாம். கடுமையாகக் காது கேளாமற்போனவருக்குப் பொருத்தப்படும் காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் கருவியின் மெல்லிய மின்கம்பி இந்தச் சுருளுக்குள் நுழைந்தாக வேண்டும். சுருள் எலும்பால் அடைபட்டுவிட்டால், பொருத்துவது கடினமாகும். சில நேரங்களில் இயலாமலே போகும். மற்றக் காரணங்களால் காது கேளாத குழந்தைக்குச் சில மாதங்கள் நிதானமாக யோசித்து முடிவெடுக்கலாம் என்றால், மெனின்ஜைட்டிஸால் கேளாமற்போன குழந்தைக்கு அந்த நிதானம் கிடையாது. 2025 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கென வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, வீட்டுக்கு அனுப்பும் முன்பே முறையான காது பரிசோதனை செய்ய வேண்டும், அது முடியாவிட்டால் நான்கு வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதையே வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வேன்.

கூப்பிட்டால் திரும்புகிறானே என்று வீட்டில் சொல்வது பரிசோதனை ஆகாது. கைதட்டும்போது அசையும் காற்றையும், தரையில் பாத்திரம் விழும் அதிர்வையும், அம்மாவின் முகம் திரும்புவதையும் வைத்தே குழந்தை திரும்பிவிடும். அதைவிட, ஒரு காது மட்டும் போயிருந்தால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே எழாது. வகுப்பில் பின்வரிசையில் உட்காரும்போது மட்டும் பாடம் பிடிபடாமல் போகும். தூங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு எப்படிப் பதிலளிக்கிறது என்று பார்க்கும் பெரா பரிசோதனை வலியற்றது. பதில் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் செய்யலாம். பெரியவர்களுக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் ஆடியோகிராம் போதும்.

தமிழ்நாட்டில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்தப்படுகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவுடன் குழந்தை பேசத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறும் குடும்பங்கள் உண்டு. கருவி தருவது மின்துடிப்புகளை மட்டுமே. அவற்றைச் சொற்களாகப் பிரித்தறிய மூளை கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ஓராண்டுக்குக் குறையாத கேட்டல் பயிற்சி, வாரந்தோறும் பயிற்சியாளரிடமும் நாள்தோறும் வீட்டிலும், தேவைப்படும். அந்தப் பயிற்சிக்காகத் தாய் வேலையை விடுவதும், பயிற்சி மையம் உள்ள ஊருக்குக் குடிபெயர்வதும் நடக்கின்றன. அவற்றையும் சிகிச்சைச் செலவில் சேர்த்தே திட்டமிட வேண்டும். கருவி பொருத்த இயலாமற்போனாலும் குழந்தையின் மொழி முடிந்துவிடவில்லை. சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழி; அதைக் கற்றால் பேச்சு வராது என்று பயந்து தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மொழியே இல்லாமல் ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகளைக் கழிப்பதுதான் உண்மையான ஆபத்து.

காதோடு சேர்ந்து, அதை ஒட்டியுள்ள சமநிலை உறுப்பும் பாதிக்கப்படுவது உண்டு. நடந்துகொண்டிருந்த குழந்தை மீண்டும் தவழத் தொடங்கலாம். கண்ணும் காலும் உதவி செய்வதால் பெரும்பாலோர் சில மாதங்களில் நடையை மீட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இருட்டிலும் மணலிலும் படிக்கட்டிலும் தடுமாற்றம் மிஞ்சலாம். இப்படிப்பட்டவர்கள் கிணற்றிலோ குளத்திலோ முங்கும்போது, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. துணையின்றி அவர்களை ஆழமான நீரில் இறங்க விடக் கூடாது.

சோம்பல் என்று பெயர் வாங்கித்தரும் களைப்பு

காது கேளாமைக்கு ஒரு பரிசோதனைச் சீட்டு உண்டு. களைப்புக்கு அப்படி எதுவும் இல்லை; ஸ்கேன் சரியாக இருக்கும், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும், ஆனால் அந்த மனிதர் முன்பு போல இல்லை. காலையில் குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே படுக்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் மனத்தில் ஏறுவதில்லை. மிக்ஸி ஓடும் சத்தமும் வெயிலின் கூச்சமும் தாங்க முடியாத எரிச்சலைக் கிளப்புகின்றன. அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் பாக்டீரியா மெனின்ஜைட்டிஸிலிருந்து குணமான பெரியவர்களைச் சோதித்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிப்பார்வைக்கு நன்றாகத் தேறியவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிந்தனைத் திறனில் குறைவு இருந்தது. அறிவு குறைந்துவிடவில்லை, வேகம் குறைந்திருந்தது. பதில் தெரியும், ஆனால் வந்து சேர நேரமாகிறது என்பதே அவர்களுடைய நிலை.

இதைப் புரிந்துகொள்ளாத வீட்டிலும் அலுவலகத்திலும் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி. நோயாளியே நாளடைவில் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. சேதமுற்ற பாதைகளைச் சுற்றிக்கொண்டு மூளை வேலை செய்ய வேண்டியிருப்பதால், முன்பு கவனிக்காமலே செய்த காரியங்களுக்கும் இப்போது அதிக முயற்சி செலவாகிறது என்று இதை விளக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் குழாயில் தண்ணீர் வரும் தெருவில், குடங்களை எண்ணி, எது சமையலுக்கு, எது குளிக்க என்று வீட்டார் பிரித்துவைப்பதைப் போல, இருக்கும் சக்தியைப் பகுத்துச் செலவிடக் கற்றுக்கொள்வதே இங்கு முதல் பாடம். கணக்கு வழக்கு, படிப்பு, முக்கியமான பேச்சு ஆகியவற்றை மனம் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும். களைத்துவிழும் வரை காத்திராமல் அதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதென்று ஒருநாள் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது பலருக்கும் நேரும் தவறு. வேலைக்குத் திரும்பும்போது முதல் மாதம் அரைநாள், பிறகு முழுநாள் என்று படிப்படியாகத் திரும்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மறதிக்கு நினைவாற்றலோடு மல்லுக்கட்டுவதைவிட, சுவரில் மாட்டிய நாட்காட்டி, சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு, கைப்பேசியில் அலாரம், சாவிக்கும் கண்ணாடிக்கும் மாறாத ஓரிடம் ஆகியவை பயன்தரும்.

ஞாபகசக்தி டானிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வல்லாரைக் கீரையைத் துவையலாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் மெனின்ஜைட்டிஸால் நேர்ந்த மறதியை நீக்குவதாக நிரூபிக்கப்பட்ட டானிக்கோ சூரணமோ எதுவும் இல்லை. அவற்றுக்குச் செலவாகும் பணம் ஒரு நல்ல மறுவாழ்வுப் பயிற்சியாளருக்குப் போவதே மேல்.

குழந்தைகளிடம் இந்த மறைவான பாதிப்பு வேறொரு வகையில் வெளிப்படுகிறது. திட்டமிடுதல், கவனத்தை நிறுத்துதல், கோபத்தை அடக்குதல் போன்ற திறன்களுக்குரிய முன்மூளைப் பகுதி முதிர்ச்சி அடைவது மிகத் தாமதமாக. இரண்டு வயதில் அந்தப் பகுதிக்கு நேர்ந்த சேதம், அந்தத் திறன் தேவைப்படும் வயது வரும்போதுதான் தெரியவரும். ஒன்றாம் வகுப்பில் எல்லோரையும் போல இருந்த பிள்ளை, ஆறாம், ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர், நீளமான வாக்கியக் கணக்குகள், தானே திட்டமிட வேண்டிய வீட்டுப்பாடம் என்று வரும்போது பின்தங்கத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1983-க்கும் 1986-க்கும் இடையே பாக்டீரியா மெனின்ஜைட்டிஸ் வந்து பிழைத்த குழந்தைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், படிப்பிலும் மொழித்திறனிலும் நடத்தையிலும் அவர்களுடைய சிக்கல்கள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக நீடித்ததைக் கண்டார்கள். இத்தனை ஆண்டு கழித்து வரும் தடுமாற்றத்தைப் பழைய நோயோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பருவ வயதுத் திமிர் என்று அடியும், கவனக்குறைவு என்று தண்டனையும்தான் கிடைக்கும். ஒவ்வொரு புதிய வகுப்பாசிரியரிடமும், இந்தப் பிள்ளைக்குச் சிறு வயதில் மூளை உறையில் நோய் வந்தது, முன்வரிசையில் உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், எழுதி முடிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று கூச்சமின்றிச் சொல்லிவைப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

வலிப்பு, தலையில் நீர், கை கால்

சிலருக்கு நோயின்போது வந்த வலிப்பு பின்னரும் தொடரும். சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் புதிதாகத் தொடங்கும். வலிப்பு மாத்திரையை, நன்றாகத்தானே இருக்கிறான் என்று எண்ணித் தாமாக நிறுத்துவது மிக ஆபத்தானது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. வாய்க்குள் கரண்டியோ துணியோ நுழைப்பதால் கேடும் உண்டு. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள கூரான பொருட்களை அகற்றி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு.

திரவம் உறிஞ்சப்படும் இடம் அழற்சியால் அடைபட்டால், தலைக்குள் நீர் தேங்கும். காசநோய் மெனின்ஜைட்டிஸில் இது அடிக்கடி நேர்வது. அதை வடிக்க, மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கு அடியில் ஷண்ட் என்ற மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். அந்தக் குழாய் எத்தனை ஆண்டுகள் கழித்தும் அடைபடக்கூடும். ஷண்ட் வைத்த ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும் அளவுக்கு மீறிய தூக்கமும் சேர்ந்து வந்தால், பித்தம் என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே அழைத்துச்செல்ல வேண்டும். கை கால் இழுத்துக்கொண்டவர்களுக்கு, பக்கவாதத்துக்குச் செய்வது போன்ற பிசியோதெரபிதான். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

மெனின்ஜைட்டிஸை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் பரவும்போது விரல்களும் கை கால்களும் அழுகி, அவற்றை அகற்ற நேரிடுவதும் உண்டு. இத்தாலியின் பெபே வியோ 2008-இல், பதினொரு வயதில், இந்நோயால் இரு முன்கைகளையும் இரு கால்களையும் இழந்தார். பின்னர் 2016 ரியோ பாராலிம்பிக்கிலும் அடுத்து டோக்கியோவிலும் சக்கர நாற்காலி வாள்வீச்சில் தங்கம் வென்றார். அவரைப் பற்றிப் படிப்பது ஊக்கம் தரும். ஆனால் வீட்டில் களைப்போடு போராடும் ஒருவரிடம் அவரைக் காட்டி, அவளால் முடிந்தது உன்னால் முடியாதா என்று கேட்பது கொடுமை. காயம் வேறு, இழப்பு வேறு, அவர்களைச் சுற்றியிருக்கும் உதவியும் வேறு.

வீட்டாரும் ஊராரும்

நோயாளி நினைவின்றிக் கிடந்த நாட்களை அவர் மறந்திருப்பார். அருகில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைக்குச் சற்றே உடம்பு சுட்டாலும் நள்ளிரவில் கை நடுங்கத் தெர்மாமீட்டரைத் தேடும் தாய்க்கும், அந்த வார்டின் வாசனை நினைவுக்கு வந்தாலே வியர்க்கும் தகப்பனுக்கும் வந்திருப்பது வெறும் பயமல்ல. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் நிலை அது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. நோயிலிருந்து எழுந்தவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவதும் பரவலானது. மூளைக்கு நேர்ந்த சேதமும், இழந்தவற்றை எண்ணிய துயரமும் இரண்டுமே அதற்குக் காரணங்கள்.

மூளைக்காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் பைத்தியம் என்று நினைப்பவர்களும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று நோயையே மறைக்கும் குடும்பங்களும் உண்டு. இது பரம்பரை நோய் அன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடமிருந்து யாருக்கும் தொற்றுவதும் இல்லை. மறைப்பதால் நேரும் கெடுதல் நேரடியானது: மறைத்த வீட்டில் மாத்திரையும் ஒளித்துவைக்கப்படுகிறது, தொடர் பரிசோதனையும் நின்றுபோகிறது. காசநோய் மெனின்ஜைட்டிஸ் மருந்தைப் பெரும்பாலும் ஓராண்டு தொடர வேண்டியிருப்பதால், அங்கே மறைப்பு உயிருக்கே உலைவைக்கும்.

இந்தியாவில், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, நாட்பட்ட நரம்பியல் நோய் நிலைகள், பலவகைக் குறைபாடு ஆகியவை அவற்றுள் அடங்கும் என்பதால், மெனின்ஜைட்டிஸின் பெரிய பின்விளைவுகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். தகுதியுள்ள பிள்ளைக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் பெற வழியுண்டு. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தயங்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், தேர்வறையில் நேரம் போதாமல் விடைத்தாளைப் பாதியில் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு விழும் முத்திரை அதைவிட ஆழமானது என்றே நினைக்கிறேன்.

ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று தடுப்பூசிகளை விட்டுவிடவும் கூடாது. ஒரு கிருமியால் வந்த நோய் மற்றக் கிருமிகளிடமிருந்து காப்பதில்லை. மெனின்ஜைட்டிஸை உண்டாக்கும் மற்றொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கான தடுப்பு மருந்து அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் தொடங்கப்பட்டது; நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக நாடெங்கும் விரிவடைந்தது. பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் முதன்மையான பயன்களுள் ஒன்று, கைக்குழந்தைகளைக் காசநோய் மெனின்ஜைட்டிஸிலிருந்து காப்பதே.

கடைசியாக, பெற்றோர் அடிக்கடி விட்டுவிடும் ஒன்று. குழந்தைப் பருவத்தில் நோய் வந்தவரிடம் அந்தக் கதையை யாரும் முழுமையாகச் சொல்வதில்லை. பதினெட்டு வயதில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும்போது, தனக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது, எந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது, இரவு கண்விழித்தால் தனக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகம் தலை வலிக்கிறது, எந்த மாத்திரையை எப்போது வரை சாப்பிட்டோம் என்பதை அந்தப் பிள்ளை தன் வாயால் ஒரு மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, காது பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையிலிட்டு, மதிப்பெண் சான்றிதழ்களோடு சேர்த்து அதன் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அதற்கு முன், ஒரு மாலை நேரத்தில் உட்காரவைத்து, அந்த இருபது நாளில் என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்லுங்கள்.